ஒகேனக்கல் பரிசல் துறை: எப்போது திறக்கும், ஏன் மூடும், யார் ஏறலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ஒகேனக்கல்லுக்குப் பக்கத்தில் உள்ள பென்னாகரத்துக்காரன் என்று தெரிந்தவர்கள் போன் செய்தால் முதலில் கேட்பது, "பரிசல் ஓடுதா?" என்பதுதான். ஓடுது, ஓடலை என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம். ஆனால் துறை மூடியிருக்கும் நாளில் குழந்தை குட்டிகளோடு வந்து நின்று ஏமாறுகிறவர்களைப் பார்க்கும்போதும், அதைவிட, தடையை மீறி எங்கோ ஒரு பாறை இடுக்கில் இறங்குகிறவர்களைப் பற்றிக் கேள்விப்படும்போதும், காரணத்தோடு எழுதி வைத்தால் நாலு பேருக்கு உதவும் என்று தோன்றியது. வெளியூர்க்காரர்களின் கேள்விகளோடு நம் ஊர்க்காரர்கள் கேட்பதையும் சேர்த்திருக்கிறேன். என் சொந்தக் கருத்து வரும் இடங்களில் அதைக் கருத்து என்றே சொல்லியிருக்கிறேன்.

வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே பரிசல் ஓடுகிறதா என்று தெரிந்துகொள்ள வழி உண்டா?

உண்டு. அன்றைய காலைச் செய்தியில் "ஒகேனக்கல் நீர்வரத்து வினாடிக்கு இத்தனை கனஅடி" என்று ஒரு வரி வரும். மழைக்காலத்தில் அது இல்லாத நாளே கிடையாது. அந்த வரியில் இரண்டைப் பாருங்கள். முதலாவது, நீர்வரத்து ஏறுகிறதா, இறங்குகிறதா. இரண்டாவது, மாவட்ட நிர்வாகம் "அருவியில் குளிக்கவும் பரிசல் இயக்கவும்" தடை விதித்திருக்கிறதா. இவை தனித்தனித் தடைகள். குளிக்க மட்டும் தடை இருக்கும் நாளும் உண்டு, பரிசலுக்கு மட்டும் இருக்கும் நாளும் உண்டு. வெள்ளம் பெரிதாக வந்தால் இரண்டும் சேர்ந்தே வரும்.

நேற்றைய செய்தியை நம்பிக் கிளம்பாதீர்கள். முன்தினம் சாயங்காலம் ஓடிய பரிசல் மறுநாள் காலையில் கரையில் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். தர்மபுரியிலிருந்து 46 கிலோமீட்டர்தான் என்றாலும், பென்னாகரம் தாண்டி மடம் சோதனைச்சாவடி வரை வந்த பிறகு திருப்பி அனுப்பினால் மனம் நொந்துதான் போகும். ஓசூர், தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி வழியாக வருகிறவர்களுக்கு அலைச்சல் இன்னும் கூடுதல்.

இங்கே வெயில் கொளுத்துகிறது. ஒரு தூறல்கூட இல்லை. பிறகு எதற்குத் தடை?

ஒகேனக்கல் வெள்ளம் ஒகேனக்கல் மழையால் வருவதில்லை. குடகிலும் கேரளத்து வயநாட்டிலும் பெய்த மழை கிருஷ்ணராஜசாகரையும் கபினியையும் நிரப்பும். அணைகள் நிரம்பினால் உபரி நீரைத் திறந்துவிடுவார்கள். அந்தத் தண்ணீர் தமிழக எல்லையான பிலிகுண்டுலுவுக்கு வந்து சேர ஒன்றிரண்டு நாள் ஆகும். அங்கிருந்து ஒகேனக்கல்லுக்குச் சில மணி நேரம்தான்.

அதனால்தான் மைசூருப் பக்கம் அணை திறந்த செய்தி வந்ததுமே இங்கே எச்சரிக்கை தொடங்கிவிடுகிறது. அந்த நேரத்தில் ஆறு பார்க்கச் சாதுவாகத்தான் இருக்கும். "இவ்வளவு தண்ணிக்கா தடை?" என்று கேட்கிறவர்கள் அப்போதிருக்கும் ஆற்றைப் பார்த்துக் கேட்கிறார்கள். தடை போட்டவர்கள் வரப்போகும் தண்ணீரைக் கணக்கில் வைத்துப் போட்டிருக்கிறார்கள்.

முன்கூட்டித் தெரியாமல் வரும் தண்ணீரும் உண்டு. அணைகளுக்குக் கீழே சிம்சாவும் அர்க்காவதியும் காவிரியில் சேர்கின்றன. அந்த ஆறுகளின் பக்கம் கனமழை பெய்தால், அணையில் ஒரு மதகுகூடத் திறக்காமல் நீர்வரத்து ஏறும். அஞ்செட்டி, நாட்றாம்பாளையம், ராசிமணல் காடுகளில் ராத்திரி பெய்த மழை விடியும் முன்பே செம்மண் நிறத்தில் வந்துவிடும். அணை திறந்தால் ஒரு நாள் அவகாசமாவது கிடைக்கிறது. இந்தக் காட்டு மழைக்கு அந்த அவகாசம் கிடையாது. இரண்டில் நான் அதிகம் அஞ்சுவது இதற்குத்தான்.

"கனஅடி" என்று சொல்கிறார்களே, அதை எப்படிப் புரிந்துகொள்வது?

ஒரு கனஅடி என்றால் 28 லிட்டருக்குச் சற்று மேல். 10,000 கனஅடி என்றால் ஒவ்வொரு வினாடியும் ஏறக்குறைய 2.83 லட்சம் லிட்டர் தண்ணீர் உங்களைக் கடந்து போகிறது. 2018, 2019, 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் நீர்வரத்து 1 லட்சம் கனஅடியைத் தாண்டியது. அந்த அளவில் ஐந்தருவி, மெயின் அருவி என்று தனித்தனியாக எதுவும் கண்ணுக்குத் தெரியாது. பாறைகள் மூழ்கி, கரைக்குக் கரை ஒரே வெள்ளம்தான்.

அளப்பது பிலிகுண்டுலுவில், மத்திய நீர்வள ஆணையத்தின் அளவை நிலையத்தில். கர்நாடகம் தமிழகத்துக்குத் தர வேண்டிய தண்ணீருக்கும் அங்கேதான் கணக்கு. ஆகவே அந்த எண்ணை யாரும் மேம்போக்காகச் சொல்லிவிட முடியாது. பரிசலுக்குப் போகிறவர்கள் நம்பிப் பின்பற்றக்கூடிய எண் அது.

எந்த மாதம் வந்தால் பரிசல் நிச்சயம்?

நிச்சயம் என்று எந்த மாதத்துக்கும் சொல்ல முடியாது. ஆனால் ஒரு தோராயக் கணக்கு கையில் இருக்கிறது. உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16 அன்று அளித்த தீர்ப்பின்படி, இயல்பான ஆண்டில் பிலிகுண்டுலுவில் வந்து சேர வேண்டிய தண்ணீர் 177.25 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்றால் நூறு கோடி கனஅடி). அது மாதவாரியாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஜூன் 9.19, ஜூலை 31.24, ஆகஸ்ட் 45.95, செப்டம்பர் 36.76, அக்டோபர் 20.22, நவம்பர் 13.78, டிசம்பர் 7.35, ஜனவரி 2.76. பிப்ரவரி முதல் மே வரை மாதத்துக்கு 2.5 டிஎம்சி.

ஆகஸ்டின் 45.95 டிஎம்சியை அந்த மாதத்தின் 31 நாளுக்கும் சமமாகப் பிரித்துப் பார்த்தால், வினாடிக்குச் சராசரியாக 17,000 கனஅடி வருகிறது. ஏப்ரலுக்கு அதே கணக்கு 1,000 கனஅடிகூட வராது. உண்மையில் தண்ணீர் இப்படிச் சமமாக வருவதில்லை. மழை பொய்த்தால் குறையும், அணை நிரம்பினால் இதைப்போலப் பல மடங்கு வரும். ஆனாலும் ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பரில் துறை மூடியிருக்க வாய்ப்பு ஏன் அதிகம் என்பது இந்தக் கணக்கிலேயே தெரிகிறது.

என்னைக் கேட்டால் டிசம்பர், ஜனவரியில் வாருங்கள் என்பேன். தண்ணீரும் ஓரளவு இருக்கும், வேகமும் அடங்கியிருக்கும். கோடையில் வந்தால் பாறைகள் பல்லிளித்துக்கொண்டு நிற்கும், பரிசல் பல இடங்களில் அடி தட்டும்.

ஆடிப்பெருக்குக்கு வரலாமா?

தாராளமாக வாருங்கள், ஆனால் பரிசலை எதிர்பார்த்து வராதீர்கள். ஆடி 18 பெரும்பாலும் ஆகஸ்ட் 3 வாக்கில் வருகிறது. ஆற்றில் தண்ணீர் பெருகும் மாதமும் அதுதான். நம் முன்னோர் அந்த நாளைத் தேர்ந்ததே புதுப்புனல் வரும் காலம் என்பதால்தானே. கூட்டமும் வெள்ளமும் ஒரே நாளில் கூடும்போது துறையை மூடுவதைத் தவிர நிர்வாகத்துக்கு வேறு வழி இல்லாமல் போகிறது. அரசு விழா, கலை நிகழ்ச்சி எல்லாம் இருக்கும். காவிரித்தாய்க்குப் பூசை செய்ய வருகிறவர்கள், காவலர்கள் அனுமதிக்கும் இடத்தில், கம்பி வேலிக்கு இந்தப் பக்கமே நின்று செய்துவிட்டுப் போவது நல்லது.

துறையை மூடச் சொல்வது யார்?

உத்தரவு மாவட்ட ஆட்சியருடையது. ஆபத்தான பகுதிக்குள் ஆட்கள் நுழைவதைக் கட்டுப்படுத்த 2005 ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் மாவட்ட நிர்வாகத்துக்கு அதிகாரம் தருகிறது. களத்தில் அதை நடைமுறைப்படுத்துவது வருவாய்த் துறை, காவல் துறை, தீயணைப்புத் துறை, ஊராட்சி ஒன்றியம், வனத் துறை எல்லாம் சேர்ந்து. பொதுப் படகுத்துறைகளை ஒழுங்குபடுத்த சென்னை மாகாணத்தில் 1890 லேயே ஒரு சட்டம் வந்துவிட்டது. ஆகவே துறை என்பது பொதுச் சொத்து, அதைத் திறக்கவும் மூடவும் பொறுப்பானவர் ஒருவர் இருக்க வேண்டும் என்பது புதிதாக முளைத்த எண்ணம் இல்லை.

பரிசல் ஓட்டியிடம் போய், "அண்ணா, நீங்க மனசு வெச்சா ஓட்டலாம்ல" என்று கெஞ்சுவதில் பயன் இல்லை. மீறி ஓட்டினால் போவது அவருடைய அனுமதி, அவருடைய பிழைப்பு.

தண்ணீர் வடிந்த பிறகும் தடையை நீட்டிக்கிறார்களே, அது எதற்கு?

இதில் இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது.

வெள்ளம் வடிந்ததும் ஆறு பழைய ஆறாக இருக்காது. பெரிய மரங்கள் அடித்து வரப்பட்டுப் பாறைகளுக்கு இடையே சிக்கி நிற்கும். மணல்மேடு இடம் மாறியிருக்கும். போன மாதம் ஆழமாக இருந்த வழி மேடாகியிருக்கும், மேடாக இருந்த இடத்தில் குழி விழுந்திருக்கும். துறையின் படிகளில் வண்டல் படிந்து, காலை வைத்தால் வழுக்கும். ஆட்களை ஏற்றாமல் அனுபவசாலிகள் முதலில் போய்ப் பார்த்து வந்த பிறகே வழியைத் திறக்க முடியும். நடைபாதைக் கம்பிகளையும் சரிபார்க்க வேண்டும். இதற்கெல்லாம் சில நாள் தேவை.

ஆனால் காரணம் சொல்லாமல் நீளும் தடையைச் சரி என்று நான் சொல்ல மாட்டேன். இது என் கருத்து: எந்த அளவுக்குக் கீழே நீர்வரத்து இறங்கினால் துறை திறக்கும், என்னென்ன வேலை முடிய வேண்டும், அடுத்து எப்போது பரிசீலிப்பார்கள் என்ற மூன்றையும் பலகையில் எழுதி வைக்க வேண்டும். அந்தப் பலகை துறையில் மட்டும் இருந்தால் போதாது. மடம் சோதனைச்சாவடியிலும் அஞ்செட்டிச் சாலையிலும் பென்னாகரம் பேருந்து நிலையத்திலும் இருக்க வேண்டும். நூறு கிலோமீட்டர் தாண்டி வந்தவனிடம் ஆற்றங்கரையில் வைத்து "இல்லை" என்றால், அவன் திரும்பிப் போவதற்குப் பதில் வேறு வழி இருக்கிறதா என்றுதான் தேடுவான். ஆபத்து அந்தத் தேடலில்தான் தொடங்குகிறது.

அப்படி "வேறு வழியாகக் கூட்டிப் போகிறேன்" என்று ஒருவர் சொன்னார். போகலாமா?

போகாதீர்கள். எவ்வளவு குறைந்த கட்டணம் சொன்னாலும், எவ்வளவு அனுபவம் உண்டு என்றாலும் வேண்டாம்.

துறை என்று ஓர் இடத்தைத் தேர்ந்து வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. அங்கே நீரோட்டம் மெதுவாக இருக்கும். பரிசல் கரையோடு ஒட்டி நிற்கும். ஏற இறங்கப் பிடிமானம் இருக்கும். ஏதாவது ஒன்று ஆனால் பார்க்க நாலு பேர் இருப்பார்கள், அடுத்த பரிசல் பக்கத்திலேயே இருக்கும். மறைவான கரையில் இது எதுவும் இல்லை. பரிசல் கவிழ்ந்தால் யார் கண்ணிலும் படாது. எத்தனை பேர் ஏறினார்கள் என்ற கணக்குகூட யாரிடமும் இருக்காது. தேடப் போகும் தீயணைப்பு வீரர்களுக்கு முதலில் தேவைப்படுவது அந்தக் கணக்குதான்.

2015 இல் இங்கே பரிசல் கவிழ்ந்து ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவர்கள் ஆற்றோடு போனார்கள். அந்தத் துயரத்தை இந்த ஊர் இன்னும் மறக்கவில்லை.

ஒரு பரிசலில் எத்தனை பேர் ஏறலாம்? உயிர்காப்புச் சட்டை கட்டாயமா?

ஓட்டுபவரைத் தவிர நான்கு பேர். உயிர்காப்புச் சட்டை கட்டாயம். "குழந்தை மடியில்தானே உட்காரப் போகுது, அதைக் கணக்கில் சேர்க்கணுமா?" என்று கேட்பார்கள். சேர்க்கத்தான் வேண்டும். அதற்கும் தனிச் சட்டை வேண்டும்.

பரிசல் மற்றப் படகுகளைப் போல அல்ல. மூங்கில் பிளாச்சுகளை வட்டமாகப் பின்னி, அடியில் ஒரு காலத்தில் தோல் போர்த்தினார்கள். இப்போது பிளாஸ்டிக் விரிப்பைப் போர்த்தித் தார் பூசுகிறார்கள். அடிப்பக்கம் தட்டையாக இருக்கும், முன் பின் கிடையாது. அதனால்தான் முழங்கால் ஆழத் தண்ணீரிலும் பாறைக்குப் பாறை வளைந்து போக முடிகிறது. அதனால்தான் பாரம் ஒரு பக்கம் சாய்ந்தால் சட்டென்று தண்ணீர் உள்ளே ஏறவும் செய்கிறது. ஓட்டுபவர் உங்களை எதிரெதிரே, விளிம்பை ஒட்டி உட்காரச் சொல்வார். உங்கள் உடல் எடையைப் பார்த்து இடத்தை மாற்றவும் சொல்வார். சொன்ன இடத்தில் உட்காருங்கள். நடு ஆற்றில் செல்ஃபிக்காக எழுந்தால் நால்வரின் உயிரையும் ஓட்டுபவரின் உயிரையும் பணயம் வைக்கிறீர்கள்.

சட்டையை மாட்டினால் மட்டும் போதாது. எல்லாக் கொக்கிகளையும் போட்டு, வாரை இழுத்து இறுக்கிய பிறகு, துணைக்கு வந்தவரிடம் உங்கள் தோள்பட்டைப் பகுதியைப் பிடித்து மேலே தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். சட்டை காதுவரை ஏறி வந்தால் அது உங்களுக்குப் பெரிது, மாற்றிக் கேளுங்கள். தண்ணீரில் விழுந்ததும் அது தலைவழியே கழன்றுவிடும். கொக்கி உடைந்தது, வார் அறுந்தது, உள்ளே இருக்கும் பஞ்சு நொறுங்கியது எல்லாம் கொடுத்தால் வாங்காதீர்கள். நாற்றம் அடிக்கிறது, ஈரமாக இருக்கிறது என்று சிலர் சட்டையை மடியில் வைத்துக்கொள்கிறார்கள். நாற்றம் உண்மைதான். துவைத்துக் காயவைத்துத் தரும் ஏற்பாட்டை நிர்வாகம் செய்தே ஆக வேண்டும். அதுவரை மூக்கைப் பொத்திக்கொண்டாவது மாட்டிக்கொள்ளுங்கள்.

தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2017 இல் படகுப் பாதுகாப்புக்கு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அளவுக்கு மீறி ஆள் ஏற்றாதே, உயிர்காப்புச் சாதனம் இல்லாமல் கிளம்பாதே என்பவை அதிலும் அடிப்படை விதிகள். நான்கு பேர் என்பதை ஒகேனக்கல்லின் பிடிவாதம் என்று நினைக்க வேண்டாம்.

கட்டணத்தை யாரிடம் கட்டுவது?

சீட்டு கொடுக்கும் இடத்தில் மட்டும். கட்டணம் பரிசலுக்கு, ஆளுக்கு அல்ல. இருவர் போனாலும் முழுக் கட்டணம்தான். தொகை அவ்வப்போது மாறும் என்பதால் அங்கே எழுதியிருப்பதைப் பார்த்துக் கட்டி, சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள். பேருந்து நிலையத்திலும் வண்டி நிறுத்தத்திலும் ஒருவர் வந்து "பரிசலா சார்?" என்று பேரம் பேசத் தொடங்கினால் ஒதுங்கிவிடுங்கள். அவருக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் துடுப்புப் போடுகிறவர் கைக்குப் போகும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

ஓட்டியவருக்குச் சந்தோஷமாக ஏதாவது கொடுக்க நினைத்தால் இறங்கிய பிறகு கொடுங்கள். நடு ஆற்றில் வைத்துக் கூடுதலாகக் கேட்டால் தர வேண்டியதில்லை. சீட்டோடு போய்ப் புகார் சொல்லுங்கள்.

விடுமுறை நாளில் வரிசை மணிக்கணக்கில் நகரவே இல்லை. இதற்கு வழி இல்லையா?

இருக்கிறது. வரிசை எண்ணோடு டோக்கன், நேரம் குறித்த சீட்டு, ஒரு நாளைக்கு இத்தனை நடை என்ற வரம்பு. மூன்றும் சேர்ந்து இருந்தால் காலையில் வந்தவருக்கு எத்தனை மணிக்குப் பரிசல் என்று தெரிந்துவிடும். அதுவரை முதலைப் பண்ணையைப் பார்க்கலாம், தொங்கு பாலத்தில் நின்று அருவியைப் பார்க்கலாம், சாப்பிட்டு வரலாம். துறையில் நெரிசலும் குறையும். ஓட்டுபவர்களுக்கும் முறைப்படி நடை கிடைத்தால், தெரிந்த முகத்துக்கு மட்டும் சவாரி போகிறது என்ற மனக்குறை எழாது. இணையத்தில் முன்பதிவு வந்தாலும் நேரில் வருகிறவர்களுக்கென்று பாதி இடமாவது ஒதுக்க வேண்டும் என்பது என் எண்ணம். பென்னாகரம், ஏரியூர், நல்லம்பள்ளிக் கிராமங்களிலிருந்து டவுன் பஸ் ஏறி வரும் குடும்பமும் பெங்களூரிலிருந்து காரில் வரும் குடும்பமும் ஒரே வரிசையில் நின்று ஏற வேண்டும்.

சொந்தமாக ரப்பர் படகு, கயாக் கொண்டு வந்து இறக்கலாமா?

கூடாது. அனுமதி பெற்ற பரிசல் ஓட்டிகள் மட்டுமே இங்கே ஆட்களை ஏற்றலாம். பாறைகளுக்கு நடுவே உள்ள சுழல்களைச் சின்ன வயதிலிருந்து பார்த்துப் பழகியவர்களே சில வழிகளைத் தவிர்க்கிறார்கள். ஆற்றில் முதலைகளும் உண்டு. மேலும், சுற்றியுள்ள காடு விளையாட்டுத் திடல் அல்ல. 2022 நவம்பரில் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் காடுகளில் 686 சதுர கிலோமீட்டருக்கு மேல் காவிரி தெற்கு வன உயிரின சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. யானையும் நீர்நாயும் முதலையும் இந்த ஆற்றை நம்பி வாழ்கின்றன. கண்ட இடத்தில் படகை இறக்கிக் கரையேற இங்கே யாருக்கும் உரிமை இல்லை.

எதிர்க்கரையில் பரிசல் ஓடுவது தெரிகிறதே, அங்கே போய் ஏறலாமா?

எதிர்க்கரை கர்நாடகம், சாமராஜநகர் மாவட்டம். அந்தக் கரைக்கு அந்த மாநில நிர்வாகத்தின் விதிகள். இங்கே தடை இருக்கும் நாளில் அங்கே ஓடுவது கண்ணில் பட்டால் மனம் சலனப்படும். தண்ணீர் இரண்டு கரைக்கும் ஒன்றேதான் என்பதை நினைத்துப் பாருங்கள். இரு மாவட்ட நிர்வாகங்களும் பேசி, ஒரே நீரளவுக்கு ஒரே நாளில் தடை என்று வைத்தால் இந்தக் குழப்பம் தீர்ந்துவிடும்.

நாங்கள் இங்கேயே பிறந்து வளர்ந்த மீனவர்கள். சுற்றுலாத் தடை எங்களுக்கும் பொருந்துமா?

வெள்ள எச்சரிக்கை எல்லோருக்கும் பொருந்தும். கரையோரம் இருப்பவர்களை மேடான இடத்துக்குப் போகச் சொல்லும்போது வலை போட யாரும் இறங்கக் கூடாது. ஆனால் சாதாரண நாட்களில் சுற்றுலாவுக்கு வைக்கும் கட்டுப்பாட்டை உள்ளூர் மீனவர் மேல் அப்படியே திணிப்பது தவறு. சுற்றுலாப் பரிசல் காலையில் ஏறி மாலையில் இறங்கும் ஒரு நாள் மகிழ்ச்சிக்கானது. மீன்பிடிப் பரிசல் அடுப்பெரிய வேண்டிய விஷயம். துறையில் மீனவர்களுக்கு என்று தனிப் படி, தனி நேரம் ஒதுக்கினால் இரு தரப்புக்கும் உரசல் இருக்காது.

ஒகேனக்கல்லுக்குக் கீழே போனால் இந்த வேறுபாடு இன்னும் தெளிவாகத் தெரியும். மேட்டூர் அணையின் நீர்த்தேக்கப் பகுதியில் இந்தப் பக்கம் ஒட்டனூர், நாகமரை. அந்தப் பக்கம் சேலம் மாவட்டத்துக் கோட்டையூர், பண்ணவாடி. அங்கே பரிசலும் விசைப்படகும் மக்களின் பேருந்து. சந்தைக்கும் வேலைக்கும் கல்யாணத்துக்கும் அதில்தான் போய் வருகிறார்கள். இல்லாவிட்டால் மேட்டூரைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். அணையின் நீர்மட்டம் 120 அடியில் நிற்கும்போது படகு வந்து அணையும் இடம் ஒன்று, நீர் இறங்க இறங்க அந்த இடம் உள்ளே தள்ளித் தள்ளிப் போகும். பண்ணவாடியில் மூழ்கிக் கிடக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் பழைய தேவாலயத்தின் கோபுரமும் வெளியே தெரியத் தொடங்கினால், சேற்றில் நெடுந்தூரம் நடந்துதான் படகைப் பிடிக்க முடியும். அங்கே துறையை மூடும் உத்தரவோடு, சுற்றிப் போக ஒரு பேருந்தையும் விட வேண்டும். அதில்லாத உத்தரவு, ஊரையே துண்டித்துவிடும்.

துறை மூடிய நாட்களில் பரிசல் ஓட்டிகள் என்ன செய்கிறார்கள்?

கூலி வேலைக்குப் போகிறார்கள், பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போகிறார்கள், கடன் வாங்குகிறார்கள். அவர்களோடு சேர்ந்து எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள், மீன் வறுத்து விற்கும் பெண்கள், சமைத்துத் தருகிறவர்கள் எல்லோரும் முடங்கிப் போகிறார்கள். வருடத்தின் நல்ல கூட்டம் வரும் ஆடி, ஆவணியில்தான் பெரும்பாலும் துறை மூடுகிறது என்பது அவர்களுடைய விதி.

கடலில் மீன்பிடித் தடைக்காலத்தில் மீனவக் குடும்பங்களுக்கு அரசு நிவாரணம் தருகிறது. மீன்வளத்தைக் காக்க அவர்கள் தொழிலை நிறுத்துவதால் தருகிறது. பயணிகளின் உயிரைக் காக்கத் தொழிலை நிறுத்தும் பரிசல் ஓட்டிக்கும் அதே நியாயம் உண்டு. துறையில் வசூலாகும் கட்டணத்தில் ஒரு பங்கைத் தடைக்கால நிதியாக ஒதுக்கி வைக்கலாம். வயிறு காயாத ஓட்டுநர் மறைவான கரையிலிருந்து ஆள் ஏற்ற மாட்டார். பாதுகாப்புக்குச் செலவழிக்கும் பணத்தில் இதைவிடப் பலன் தரும் செலவு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

வயதானவர்கள், மாற்றுத்திறனாளிகள் ஏற முடியுமா?

இப்போதைக்குச் சிரமம். பாறைப்படிகளில் இறங்கி, ஆடும் பரிசலுக்குள் காலை வைக்க வேண்டும். ஓட்டுபவர்கள் கை கொடுத்துத் தூக்கிவிடுவார்கள், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒருவருடைய நல்ல மனதை மட்டும் நம்பி ஒரு துறை இருக்கக் கூடாது. ஒரு துறையிலாவது சாய்தளமும் இருபுறமும் கைப்பிடியும் அமைக்கலாம். மாமரத்துக்கடவு, சின்னாறு, ஊட்டமலை, கோத்திக்கல் என்று பல இறங்குமிடங்கள் இருக்கும்போது இது முடியாத காரியம் இல்லை. முழங்கால் வலி உள்ளவர்கள் அதுவரை நடைபாதையிலிருந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எண்ணெய்க் குளியல் முடித்துவிட்டுத் துறையிலேயே ஷாம்பு போட்டுக் குளிக்கலாமா?

வேண்டாம். 2013 முதல் தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களும் குடிப்பது இந்தக் காவிரித் தண்ணீரைத்தான். நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்து, குழந்தைகளின் பல் கறுத்து, பெரியவர்களின் எலும்பு வளைந்த மாவட்டங்கள் இவை. ஜப்பானியக் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்த பிறகுதான் நிலைமை மாறியது. ஷாம்பு பாக்கெட்டை ஆற்றில் வீசும் கை, இந்த ஆற்றைக் குடிக்கும் பிள்ளைகளை ஒரு கணம் நினைத்துப் பார்க்க வேண்டும். எண்ணெய் தேய்த்துக்கொள்ளுங்கள், அது இந்த ஊரின் தொழில். அருவியில் நில்லுங்கள். சோப்பும் பாக்கெட்டும் பையிலேயே இருக்கட்டும்.

பரிசல் கிடைக்கவில்லை. பக்கத்தில் வேறு எங்கே படகில் போகலாம்?

கிருஷ்ணகிரி போகும் தேசிய நெடுஞ்சாலையில் அவதானப்பட்டி ஏரியில் படகு இல்லமும் சிறுவர் பூங்காவும் உண்டு. தேங்கிய தண்ணீர் என்பதால் இவ்வளவு பதற்றம் இருக்காது. உயிர்காப்புச் சட்டை அங்கேயும் வேண்டும்.

குறை இருந்தால் எங்கே சொல்வது?

உயிருக்கு ஆபத்து என்றால் 112 அல்லது 108. வெள்ளம் பற்றிய தகவலுக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077. கூடுதல் வசூல், கிழிந்த உயிர்காப்புச் சட்டை, உடைந்த படி போன்றவற்றுக்குத் திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுக்கலாம். முதல்வரின் உதவி எண் 1100 இலும் பதியலாம். சீட்டின் படம், தேதி, நேரம் மூன்றையும் சேர்த்துக் கொடுங்கள். இல்லாவிட்டால் மனு நகராது.

கட்டணமாக எவ்வளவு வசூலானது, அதில் துறைப் பராமரிப்புக்கு எவ்வளவு செலவானது, எத்தனை உயிர்காப்புச் சட்டைகள் எப்போது வாங்கப்பட்டன என்பதை 2005 ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி யாரும் கேட்டுப் பெறலாம். உள்ளூர்க்காரர்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. மீனவர்களுக்குத் தனிப் படி, தடைக்கால நிதி, மடம் சோதனைச்சாவடியில் அறிவிப்புப் பலகை என்று மூன்று தீர்மானங்களை எழுதிக்கொண்டு போங்கள். பரிசல் ஓட்டும் வீடுகளிலிருந்து பெண்களும் வர வேண்டும். துறை மூடிய நாட்களில் வீட்டுக் கணக்கைப் பார்ப்பது அவர்கள்தான்.